முடியைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

போன இதழில் பேச்சோடு பேச்சாக, "என் உச்சந்தலையில் தெரிவதில் பாதி என்னுடையது, பாதி நானே முடிச்சுப் போட்டது" என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். நாடகக் குழுக்களுக்கு விக் கட்டுவது எனக்கு இருபத்திரண்டு வருடத் தொழில். அதில் பதினான்கு வருடங்களாக நானே டாப்பர் வைத்துக்கொள்கிறேன், அதாவது உச்சியை மட்டும் மூடும், கிளிப்பால் சொந்த முடியில் பூட்டும் முடித்துண்டு. முடி ஏன் கொட்டுகிறது என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கொட்டிய இடத்தில் எதை, எப்படி வைப்பது என்றால் என்னிடம் கேட்கலாம்.

முழுத்தலையையும் மூடுவது டோபா. பின்னலோடு சேர்த்துக் கட்டுவது சவுரி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. இந்த முறை கேள்விகள் எல்லாம் அந்தக் குடும்பத்தைப் பற்றியவை.

அக்கா, எனக்கு வயது 38. நெற்றியோரத்து முடி அப்படியே இருக்கிறது. ஆனால் வகிடு வருடத்துக்கு வருடம் அகலமாகிக்கொண்டே போகிறது. விளக்குக்கு அடியில் நின்றால் தோல் தெரிகிறது. டாப்பர், ஃப்ரிஞ்ச், எக்ஸ்டென்ஷன், முக்கால் விக் என்று நான்கைக் காட்டினார்கள். அப்புறம் லேஸா, மோனோவா, சில்க்கா என்று கேட்டார்கள். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

வாங்காமல் வந்ததே நல்லது. குழப்பத்தில் வாங்கும் முடி அலமாரியில்தான் தூங்கும்.

நெற்றிக் கோடு கலையாமல் உச்சி மட்டும் மெலிவது பெண்களிடம் அடிக்கடி காணப்படும் வகை. லுட்விக் என்ற தோல் மருத்துவர் 1977-இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்து எழுதினார், இன்றும் மருத்துவர்கள் அந்த வரிசையைச் சொல்கிறார்கள். தைராய்டு கோளாறாலும் இரும்புச்சத்துக் குறைவாலும்கூட முடி மெலியும். அதனால் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி நான்கில் மூன்றைக் கழிப்போம். எக்ஸ்டென்ஷன் நீளமும் பக்கவாட்டில் கனமும் தரும், உச்சியை மூடாது. போதாததற்கு, மெலிந்த முடியில் இன்னொரு பாரத்தைத் தொங்கவிடும். ஃப்ரிஞ்ச் நெற்றியில் விழும் முன்முடி. உங்கள் நெற்றிக்கு அது தேவையில்லை. முக்கால் விக் முன்னால் இருக்கும் சொந்த முடியை வெளியே விட்டு, அதற்குப் பின்னால் தொடங்கும். முன்பக்க வகிடு அடர்த்தியாக இருப்பவர்களுக்கு அருமையான பொருள். உங்களுக்கோ மறைக்க நினைத்த இடத்தையே கடை விரித்த மாதிரி ஆகிவிடும். மிச்சம் இருப்பது டாப்பர்.

கடையில் எல்லோரும் முடியைத் தடவிப் பார்ப்பார்கள். மென்மையா, பளபளப்பா, எவ்வளவு நீளம் என்று. நான் அதைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வேன். முடி தைத்திருக்கும் அடித்துணியின் அளவு என்ன, கிளிப் எங்கே தைத்திருக்கிறது, அந்தக் கிளிப் உங்கள் தலையில் எந்த முடியைப் பிடிக்கப் போகிறது? இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதைச் சமாளித்துவிடலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு முதலில் மெலிந்தது உள்ளங்கையில் பாதி அளவு இடம். "இவ்வளவுதானே குறை" என்று சரியாக அதே அளவில் ஒரு டாப்பர் வாங்கினேன். ஊருக்கெல்லாம் விக் கட்டுகிறவள் தன் தலைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். கிளிப் நான்கும் மெலிந்த முடியின் மேலேயே உட்கார்ந்தன. நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பூட்டினேன். எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி கழற்றும்போது கிளிப்போடு ஒரு கொத்து முடியும் வந்தது. கண்ணாடியில் பார்த்தால், பாயிலிருந்து மேசையை நகர்த்தியபின் நான்கு கால் தடம் தெரியுமே, அப்படி நான்கு வட்டம். மூன்று வட்டத்தில் முடி திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான்காவது வரவே இல்லை. முடியை ஒரே இடத்தில் நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் வேர் நிரந்தரமாகச் செத்துப்போகும்.

அதனால் அளவெடுப்பதை அவசரப்படாமல் செய்யுங்கள். தலை ஈரமாக இருக்கும்போது மேலே விளக்கைப் போட்டு, வீட்டில் ஒருவரை உச்சியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மெலிந்த இடம் முன்னிருந்து பின்னாக எத்தனை அங்குலம், பக்கவாட்டில் எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளக்க வேண்டும். அதற்குமேல் எல்லாப் பக்கமும் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் கூடுதலாக இருக்கும் அடித்துணியை வாங்குங்கள். கிளிப்புகள் நல்ல முடியில் போய் நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் கூடுதல். மணலில் முளை அடித்துக் கூடாரம் கட்ட முடியாது.

இப்போது துணி. லேஸ் மிக நுண்ணிய வலை. லேசானது, காற்றோட்டமானது, கீழே உங்கள் தோல் தெரியும். ஆனால் கருத்த முடியில் ஒவ்வொரு முடிச்சும் கருப்புப் புள்ளியாகத் தெரியக்கூடும். அதை மறைக்க முடிச்சுகளை வெளுக்க வைப்பார்கள், வெளுத்த முடிச்சு சீக்கிரம் தளர்ந்து முடி உதிரும். சில்க்கில் முடிச்சுகள் ஒரு பட்டு அடுக்குக்குக் கீழே ஒளிந்துகொள்கின்றன. வகிடு நிஜமாகவே தோலிலிருந்து முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு ஈடாகத் தடிமனும் சூடும் கூடும். மோனோ இரண்டுக்கும் நடு. மெல்லிய வலையில் முடி முடியாகக் கையால் கட்டியது, உழைக்கும், வகிட்டை இடம் மாற்றலாம். தினமும் வைக்கப் போகிறவருக்கு நான் மோனோவைத்தான் சொல்வேன். என் தலையில் இருப்பதும் அதுதான்.

அடர்த்தி விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இழந்த முடியை நினைத்து ஏங்குகிறவர்கள் முதல் முறை வாங்கும்போது தேவைக்கு மேல் அடர்த்தியாக வாங்குவார்கள். கடையில் அடர்த்தியைச் சதவீதத்தில் சொல்வார்கள். 150 சதவீத அடர்த்தி எல்லாம் நான் மேடை ராஜாக்களுக்குக் கட்டுவது. உச்சியில் காடும் காதோரத்தில் புல்லும் இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். 100 முதல் 120 வரை போதும்.

வைக்கும்போது நெற்றிக் கோட்டின் மேலேயே வைக்காதீர்கள். அரை அங்குலமாவது பின்தள்ளி வைத்து, முன்னால் இருக்கும் சொந்த முடியை அதன்மேல் சீவிவிடுங்கள். உங்களுக்கு நெற்றியோரம் நன்றாக இருப்பது பெரிய கொடுப்பினை, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிளிப்பைப் பூட்டும் இடத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் நகர்த்துவதும் அவசியம்.

வயது 31. முன்பக்கம் முழுசாக இருக்கிறது, உச்சியில் மட்டும் ஒரு சாஸர் அளவு சொட்டை. ஹேர் பேட்ச்சை கிளிப்பில் வைப்பதா, டேப்பில் ஒட்டுவதா? வாரத்தில் நான்கு நாள் பந்து விளையாடுகிறேன்.

தம்பி, ஹேர் பேட்ச்சும் டாப்பர் மாதிரி சொட்டையை மூடும் முடித்துண்டுதான். கிளிப் பூட்டச் சுற்றிலும் ஓரளவு நீளமான முடி வேண்டும். குட்டையாக வெட்டிய தலையில் கிளிப்பின் மேடு தெரியும், நிற்கவும் நிற்காது. பந்தும் விளையாடுகிறீர்கள் என்றால் இரட்டைப்பக்க டேப்தான்.

ஒட்டுவது என்றால் ஒட்டும் இடத்தில் மிச்சமிருக்கும் முடியை மழிக்கச் சொல்வார்கள். அதைச் செய்தபின் பேட்ச் இல்லாமல் வெளியே போகும் நாளில் இப்போது இருப்பதைவிட அதிகச் சொட்டை தெரியும். கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபின் யோசிக்கிற விஷயம் இல்லை அது. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள்.

பசையோ டேப்போ, முதலில் காதுக்குப் பின்னால் சிறு துண்டு ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ வேறு வகைக்குப் போய்விடுங்கள். பிளாஸ்டிக் படலம் போன்ற 'ஸ்கின்' அடி, டேப்பை நன்றாகப் பிடிக்கும், துடைக்க எளிது. ஆனால் வியர்வை வெளியேற வழி இருக்காது. உங்கள் விளையாட்டுக்கு நடுவில் லேஸ், ஓரத்தில் மட்டும் ஸ்கின் வைத்துக் கட்டிய அடி பொருந்தும். வியர்வை அதிகம் என்றால் டேப் அடிக்கடி தளரும். அதை ஒழுங்காகக் கழற்றி, தலையைக் கழுவி, காயவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். தளர்ந்த இடத்தில் மட்டும் பசை தடவி ஒப்பேற்றினால் உள்ளே அழுக்கு சேரும், தோல் புண்ணாகும். கழற்றும்போது பசையை இளக்கும் கரைப்பானைத் தெளித்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். பிய்த்தால் பேட்ச்சும் போகும், தோலும் போகும்.

குழந்தை பிறந்து மூன்றரை மாதம் ஆகிறது. கை வைத்தாலே முடி வருகிறது. நெற்றியோரம் வெறுமையாகிவிட்டது. எந்த டாப்பர் வாங்க வேண்டும்?

எதுவும் வேண்டாம், தங்கச்சி. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடி, பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் மொத்தமாக விடைபெறும். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் முடி பழைய நிலைக்கு வந்துவிடும். நெற்றியோரத்தில் குட்டி முடி முளைத்துக் குச்சி குச்சியாக நிற்பதைப் பார்க்கும்போது நான் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குட்டி முடியின் மேல் கிளிப் பூட்டுவதுதான் இப்போது செய்யக்கூடாத ஒரே காரியம். வகிட்டை மாற்றி எடுங்கள், அகலமான ஹேர்பேண்ட் போடுங்கள். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் மருத்துவர்.

நிஜ முடி நல்லதா, செயற்கை முடி நல்லதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும்.

டாப்பர் உங்கள் சொந்த முடியோடு கலந்து நிற்க வேண்டியது. சொந்த முடி ஈரப்பதத்தில் சுருளும், வெயிலில் வெளிறும், எண்ணெய் பட்டால் படியும். கூட நிற்பதும் அதே மாதிரி நடந்துகொண்டால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால் டாப்பர் என்றால் நான் நிஜ முடி பக்கம். முழு விக் என்றால் இந்தக் கட்டாயம் இல்லை, நல்ல செயற்கை விக்கை யாரும் குறை சொல்ல முடியாது.

செயற்கை இழைக்கு ஒரு வசதி உண்டு. கழுவிக் காயவைத்தால் அதே வளைவு, அதே மடிப்போடு திரும்பி நிற்கும். காலையில் ஐந்து நிமிடம் மட்டுமே இருப்பவருக்கு அது வரம். ஆனால் சூடு அதன் எமன். ஒருமுறை அடுப்படியில் மூடியைத் திறந்தேன், ஆவி ஒரு நொடி அடித்தது, முன்பக்க இழை எல்லாம் பொரிந்த சேமியா மாதிரி ஆகிவிட்டது. சீவிப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன், கடைசியில் கத்தரிதான். தினமும் வைத்தால் சாதாரண செயற்கை இழை ஆறு மாதத்துக்குள் உராயும் இடங்களில் சிக்குப் பிடித்துவிடும். நிஜ முடி கவனித்துக்கொண்டால் ஒரு வருடமும் அதற்கு மேலும் வரும். கவனிப்பு என்றால் உண்மையிலேயே கவனிப்பு. வேர் இல்லாத முடிக்குத் தலையிலிருந்து எண்ணெய்ப் பசை வராது, அது காய்ந்துகொண்டே இருக்கும்.

நிஜ முடியிலும் 'ரெமி' என்று சொல்வதைக் கேளுங்கள். முடியின் மேல்தோல் மீன் செதில் மாதிரி வேரிலிருந்து நுனிப் பக்கம் படிந்திருக்கும். எல்லா முடியும் ஒரே திசையில் இருந்தால் சிக்காது. தலைகீழாகக் கலந்த முடியை அமிலத்தில் போட்டுச் செதிலை உரித்து, சிலிக்கோன் பூசி விற்பதும் உண்டு. கடையில் அதுதான் அதிகம் பளபளக்கும். சில தடவை கழுவியபின் அந்தப் பூச்சு போய்விடும், அப்புறம் சிக்கெடுத்தே கை வலிக்கும்.

மகளே, எனக்கு 61 வயது. முன்நெற்றி பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது, புருவமும் மெலிந்துவிட்டது. முடி பாதி நரை. ஃப்ரிஞ்ச் போதுமா?

அம்மா, ஃப்ரிஞ்ச் பேச்சுக்கு முன்னால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு நெற்றிக் கோடு பின்வாங்குவதும் புருவம் மெலிவதும் சேர்ந்து வந்தால், அது தழும்பாகிற வகை முடி இழப்பாக இருக்கலாம். அந்த வகையில் போன முடி திரும்பாது, ஆனால் மேற்கொண்டு போவதை மருந்தால் தடுத்து நிறுத்தப் பார்க்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

ஃப்ரிஞ்ச் மறைக்கும், ஆனால் அதன் கிளிப் நெற்றிக்கு அடுத்த முடியைத்தான் பிடிக்கும். நோய் நகர்ந்துகொண்டிருப்பதும் அந்த இடத்தில்தான். அதனால் உங்களுக்கு ஃப்ரிஞ்ச் சேர்த்துக் கட்டிய நீளமான டாப்பர் பொருத்தம். கிளிப் உச்சிக்குப் பின்னால் நல்ல முடியில் நிற்கும், முன்முடி நெற்றியில் விழும்.

நரைக்கு ஒரு விஷயம். கருப்பு முடிக்காரர்களிடம் நுனி முடியின் நிறத்தைப் பார்த்து வாங்கச் சொல்வேன், கலக்கும் இடம் அதுதான். நரைத்த தலையில் முன்னால் ஒரு நிறம், பிடரியில் ஒரு நிறம். டாப்பர் உட்காரும் உச்சி, காதோரம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக் கொடுத்து, எத்தனை சதவீதம் நரை என்று கேட்டு வாங்குங்கள். நிஜ முடிப் பொருள்களில் வெள்ளை இழை மட்டும் செயற்கையாகவோ யாக் என்ற மலை மாட்டின் முடியாகவோ இருப்பது சகஜம், ஏமாற்று இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு படி வெளிறிய நிறம் வாங்குங்கள். நிஜ முடியைக் கருமையாக்குவது எளிது, ஏற்கெனவே சாயம் ஏறியதை வெளுக்க வைத்தால் முடி கெட்டுப்போகும்.

வயது 19. காசு அளவில் அங்கங்கே வட்டமாக முடி கொட்டுகிறது. ஒன்று வளர்கிறது, வேறு இடத்தில் இன்னொன்று விழுகிறது. தோழி வலை மாதிரி ஒன்றைச் சொன்னாள், அதன் ஓட்டை வழியாக நம் முடியை வெளியே இழுத்துவிட வேண்டுமாம்.

அதை இன்டக்ரேஷன் பீஸ் என்பார்கள். தலை முழுக்க முடி இருந்தும் மொத்தமாக மெலிந்தவர்களுக்குக் கட்டியது. தினமும் ஊசிக்கொக்கி மாதிரி ஒன்றால் முடியை இழுத்து எடுக்க வேண்டும். பலவீனமான முடிக்கு அது தண்டனை என்பது என் கருத்து. தொழிலில் இருக்கும் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

உங்களுடையது இடம் மாறும் வகை. இன்றைக்கு அளவெடுத்துச் செய்தது அடுத்த மாதம் தப்பான இடத்தில் நிற்கும். வட்டங்கள் உச்சியைச் சுற்றியே வந்தால் அகலமான டாப்பர் ஒன்று போதும். காதோரமும் பிடரியும் விழத் தொடங்கினால் டாப்பரில் பணத்தைப் போடாதீர்கள், கிளிப்பே இல்லாத மெல்லிய முழு விக்குக்குப் போங்கள். சிகிச்சை நடக்கட்டும். தலையில் மருந்து தடவினால் அது முழுசாகக் காய்ந்தபின்தான் எதையும் வைக்க வேண்டும்.

டாப்பரோடு தூங்கலாமா? காற்றில் பறக்குமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

தூங்கக்கூடாது. பறக்காது, கிளிப் "டிக்" என்று பூட்டிய சத்தம் கேட்டிருந்தால். பத்துப் பன்னிரண்டு தடவை வைத்தபின் கழுவினால் போதும். வெதுவெதுப்பான தண்ணீர், மேலிருந்து கீழாக மட்டும் கை ஓட வேண்டும், கசக்கக்கூடாது. கண்டிஷனர் நுனிக்கு மட்டும், முடிச்சில் பட்டால் வழுக்கிக்கொண்டு அவிழும். யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கழற்றிவிடுங்கள், கிளிப் உலோகம்.

உங்களுடையது டாப்பர் என்று யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா அக்கா? எனக்கு அந்தப் பயத்தில்தான் வாங்கவே கை வரவில்லை.

பெரியவர்கள் யாரும் இல்லை. முதல் வருடம் முழுக்க எதிரில் பேசுகிறவர்களின் கண் என் நெற்றிக்கு மேலே போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னது பாதி காதில் விழவில்லை.

கண்டுபிடித்தது என் தம்பி மகள், அப்போது நான்கு வயது. மடியில் உட்கார்ந்து தலையைத் தட்டி விளையாடியவள், "அத்தை, உன் தலையில என்னமோ டிக்குங்குது" என்றாள். கிளிப் ஒன்று திறந்துவிட்டிருந்தது. மறைக்கத் தோன்றவில்லை, கழற்றிக் கையில் கொடுத்தேன். முன்பின்னாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாமல் சுவரைத் தடவித் தடவி ஒவ்வொரு அறையாகப் போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். திரும்பிக் கொடுக்கும்போது, "உள்ள அரிக்குது அத்தை" என்று ஒரு புகார் வேறு. பார்த்தால் கிளிப்புக்கு அடியில் இருந்த ரப்பர் பட்டை கிழிந்திருந்தது. அன்றைக்கே மாற்றித் தைத்தேன்.